பொருந்தாத கரை

(நம் கல்விச் சங்க வெள்ளிவிழாவின் மகளிர் அரங்கில், ஒட்டுப்போர்வையைச் சங்கத்திடம் ஒப்படைத்தபோது ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் ஒரு தலைமையாசிரியர் எழுந்து நின்றால், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவற்றைப் பற்றி நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் நன்கு எடுத்துரைத்துவிட்டார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், இம்மேடையின் பின்புறம் தொங்கும் ஒட்டுப்போர்வை. அதிலும் குறிப்பாக, அதன் மூன்றாவது கரை. அந்தக் கரை பொருந்தாமல் போயிற்று என்ற செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். எதனால் பொருந்தவில்லை, பின்னர் எவ்வாறு பொருந்தியது என்பது சிலருக்கே தெரியும். பாதிச் செய்தி பரவியிருக்கும்போது மீதியைச் சொல்ல வேண்டியது நம் கடமை. இந்தச் செய்தியில் அந்தக் கடமை பிறரைவிட நமக்கே அதிகம். ஏன் என்பதைப் போகப்போக அறிவீர்கள்.

முதலில், இப்போர்வை உருவான முறையை இளைஞர்களுக்குச் சொல்லிவிடுவோம். நடுவில் 24 அங்குலச் சதுரமாக ஒரு துண்டு. விரித்த புத்தகத்தின் வடிவத்தை வெட்டி ஒட்டித் தைத்த அந்தத் துண்டை, நாம் பணிபுரியும் பள்ளியின் மாணவியர் செய்தனர். அதைச் சுற்றி ஐந்து கரைகள். ஒவ்வொரு கரையையும் ஒரு மகளிர் குழு தைத்தது. முதற்குழு இராசபாளையம், அடுத்தது திருவில்லிபுத்தூர், மீண்டும் இராசபாளையம் என்று மாறி மாறிச் சென்றது. ஒரு குழு தன் கரையைத் தைத்து முடித்ததும், துணியை ஒரு மஞ்சள் பையில் இட்டு, பேருந்தில் அடுத்த ஊருக்கு அனுப்பும். துணியோடு ஒரு குறிப்பேடும் செல்லும். தாம் தைத்தது எந்த அளவு, அடுத்தவர் எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். கரைகளின் அகலம் முறையே 3, 4, 3, 4, 3 அங்குலம். எல்லாம் முடிந்தபின் போர்வை 58 அங்குலச் சதுரமாக வரும். மேலைநாடுகளில் இவ்வாறு கைமாறிக் கைமாறிப் போர்வை தைப்பது மகளிரிடையே பெருவழக்கு. நம் தையல் வகுப்பு ஆசிரியை அதனைப் படித்தறிந்து இங்கே தொடங்கி வைத்தார்.

துணிக்கு நமக்குப் பஞ்சமில்லை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்களில் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக விழுகிறது. சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நூலும் துணியும் நம் வட்டாரத்தின் உயிர்நாடி.

ஒட்டுப்போர்வை என்பது நமக்குப் புதியதும் அன்று. நம் பாட்டிமார் நைந்த சேலைகளை அடுக்கி, நெருக்கமாக ஓடும் தையல் போட்டு, பிள்ளைகளுக்கு விரிப்புத் தைத்தவர்களே. அதைக் கலை என்று அன்று எவரும் அழைக்கவில்லை. கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அடிமைகளாக வந்தவர்கள் பலர். 2003-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்துச் சித்தி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். நாம் நடுவிலிருந்து வெளியே சென்றோம். அவர்களோ ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவை அடைகிறார்கள். முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். அந்தப் பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடலுக்கு ஒப்பு என்பது அவர்கள் கருத்து. ஓரத்திற்கும் மூலைக்கும் அவர்கள் தரும் மதிப்பு அத்தகையது.

இனி நம் போர்வைக்கு வருவோம்.

மூன்றாவது கரையைத் தைத்தவர்கள் இராசபாளையத்தில் தூய்மைப் பணியாளர் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள். அதிகாலையில் தெருக்கூட்டும் பணிக்குச் சென்று, பிற்பகலில் திரும்பி, மாலையில் அமர்ந்து தைத்தார்கள். குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே துணியை அனுப்பிவிட்டார்கள். திருவில்லிபுத்தூரில் நான்காவது குழுவினர் பையைத் திறந்து துணியைத் தரையில் விரித்தபோது, கரை படியவில்லை. மேற்புறமும் கீழ்ப்புறமும் அலை அலையாக நெளிந்து எழுந்து நின்றன. கையால் அழுத்தினால் ஓரிடத்தில் அடங்கி மற்றோரிடத்தில் எழுந்தது. அன்றியும், அவர்கள் தேர்ந்திருந்த நிறம் கிளிப்பச்சை. முதலிரண்டு கரைகள் நீலமும் அரக்குமாக இருந்தமையால், அப்பச்சை தனித்துத் தெரிந்தது.

அந்த மாதத்துச் சங்கக் கூட்டம் திருவில்லிபுத்தூரில் நடைபெற்றது. போர்வையும் அங்கே கொண்டுவரப்பட்டது. மூத்த உறுப்பினர் ஒருவர், “அந்தக் கரையை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழுவிடம் கொடுத்துவிடலாம். அவர்களுக்கு இந்த வேலையெல்லாம் பழக்கமில்லை” என்றார். ‘அவர்களுக்கு’ என்ற அந்தச் சொல்லின் பொருள் அங்கிருந்த அனைவருக்கும் விளங்கியது. ஊரார் நம்மைப் பார்த்து எந்தத் தொனியில் ‘அவர்கள்’ என்பார்களோ, அதே தொனியில் நாம் நம்முள் ஒரு சாராரைச் சொல்லிக்கொண்டோம். இதில் அவரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நிறத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது மட்டும் ஒரு பாட்டி, “ஆண்டாள் கையில் நாள்தோறும் கிளி வைக்கும் ஊரில் கிளிப்பச்சை கண்ணை உறுத்துகிறதோ?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வெட்டுவது என்ற முடிவு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

அப்போது அந்தக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார் எழுந்தார். அவர் சொன்னதை அவர் சொல்லாலேயே தருகிறோம்: “வாத்தியாரையா, வெட்டுறதுன்னா வெட்டுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்து பாத்துருங்க. நோட்டுல என்ன எழுதியிருந்துச்சோ அந்த அளவுக்குத்தான் நாங்க வெட்டுனோம்.”

நம் உறுப்பினர்களுள் தையற்கடை வைத்திருக்கும் ஒருவர் போர்வையைக் கூடத்தின் தரையில் விரித்தார். கைகளால் நீவிப் படியவைத்துவிட்டு, மூன்றாவது கரைக்கு உட்பட்ட பகுதியை அளந்தார். குறிப்பேட்டின்படி அது 38 அங்குலச் சதுரமாக இருத்தல் வேண்டும். மேல் ஓரத்தில் நாடாவை வைத்தார், 38. கீழ் ஓரத்தில் வைத்தார், 38. “சரியாகத்தானே இருக்கிறது” என்றார்கள் சிலர். அவர் விடவில்லை. நாடாவைத் துணியின் நடுவே, இடமிருந்து வலமாக வைத்தார். 37 அங்குலந்தான் இருந்தது. மேலிருந்து கீழாக நடுவில் அளந்தபோது 38. அதன்பின் ஒவ்வொரு கரையாக உள்நோக்கி அளந்துகொண்டே சென்று, நடுத்துண்டை அடைந்தார். நீளம் 24, அகலம் 23. அகலத்தில் ஓர் அங்குலம் குறைவு. பிழை மூன்றாவது கரையில் இல்லை. பிழை நடுவில் இருந்தது. நடுத்துண்டைச் செய்தது நம் பள்ளி.

மறுநாள் பள்ளியில் விசாரித்தோம். ஒரு மாணவி நீளத்தை மர அளவுகோலால் அளந்திருக்கிறாள். மற்றொருத்தி அகலத்தை அளவு நாடாவால் அளந்திருக்கிறாள். அந்த நாடா நம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதன் முனையிலிருந்த தகடு என்றோ கழன்று போய், முதல் அங்குலமும் கிழிந்துவிட்டது. அவள் கிழிந்த முனையிலிருந்து தொடங்கி, எண்ணைப் பார்த்து வெட்டியிருக்கிறாள். நாடா இருபத்துநான்கரை என்று காட்டியது. துணியோ இருபத்துமூன்றரைதான் இருந்தது. தையலுக்குள் இருபுறமும் கால் அங்குலம் போனால் மிஞ்சுவது 23. அம்மாணவிமீது குற்றமில்லை. அந்த நாடாவை எடுத்துக் கொடுத்தவர் நாமே.

அடுத்து, முதலிரண்டு குழுவினரையும் கேட்டோம். முதற்குழுவினர், தம் கரைத்துணி சற்று நீண்டு நின்றதைக் கண்டிருக்கிறார்கள். “பள்ளிக்கூடத்திலிருந்து வந்த துணியில் தவறு இருக்குமா என்று எண்ணி, நடுத்துண்டின் ஓரத்தை இழுத்துப் பிடித்துப் பொருத்தித் தைத்துவிட்டோம்” என்றார்கள். இரண்டாம் குழுவினருக்கு வந்தபோது ஓரம் இலேசாக நெளிந்திருக்கிறது. நீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து அடக்கியிருக்கிறார்கள். இரு குழுவினரும் குறிப்பேட்டில் எழுதியது, இருக்க வேண்டிய அளவை. இருந்த அளவை அன்று. மூன்றாம் குழுவினர் குறிப்பேட்டையும் பார்த்தார்கள், ஓரத்தையும் அளந்தார்கள். இரண்டும் ஒத்தன. நம்பி வெட்டினார்கள். அதற்குமேல் மறைக்க வழியின்றி, மூன்று குழுக்களின் சுமையும் அவர்கள் கரையில் வெளிப்பட்டது. பழியும் அவர்கள்மேல் விழுந்தது.

நெளிவு எங்கே தெரிகிறதோ அங்கே பிழை இருப்பதாக எண்ணுவது மனித இயல்பு. துணியை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை.

இனி, திருத்திய முறையைச் சொல்கிறோம். தையல் பயிலும் பெண்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். நம் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மூன்று கரைகளையும் பிரித்து, மேல் கீழ்த் துண்டுகளை ஓர் அங்குலம் வெட்டிக் குறைப்பது. அவ்வாறு செய்தால், பிழை செய்யாத மூன்று குழுக்களின் துணி வெட்டுப்படும். போர்வையும் சதுரமாக வராது. மற்றொன்று, குறைந்த இடத்தில் நிரப்புவது. தையற்கடை நண்பர் இரண்டாவதையே பரிந்துரைத்தார். கரைகள் மூன்றும் கூர்முனைக் கத்தரியால் தையல் தையலாகப் பிரிக்கப்பட்டன. துணியில் ஓர் இழைகூட அறுபடவில்லை. பின்னர் ஓர் அங்குல அகலமும் இருபத்துநான்கரை அங்குல நீளமும் உள்ள இரண்டு கீற்றுகள் வெட்டப்பட்டு, நடுத்துண்டின் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகத் தைக்கப்பட்டன. தையலுக்குள் போனது போகக் கீற்று ஒவ்வொன்றும் அரை அங்குலம் தெரியும். 23 அங்குலம் 24 ஆயிற்று. அதன்பின் பழைய கரைகளை எடுத்து வைத்தால், வெட்டாமல் இழுக்காமல் அப்படியே பொருந்தின. நான்கு மாலைகளில் வேலை முடிந்தது.

அந்தக் கீற்றுகளுக்கு எந்தத் துணி என்ற கேள்வி எழுந்தது. மூன்றாவது குழுவினரிடம் மீந்திருந்த கிளிப்பச்சையையே வைக்கலாம் என்று தையல் ஆசிரியை சொன்னார். அதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது. புத்தகத்தின் இருபுறமும் மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தபின், வெளியே இருந்த பச்சைக் கரை தனித்து நிற்கவில்லை. நடுவிலிருந்து புறப்பட்டு வந்ததுபோல் அமைந்துவிட்டது. ஒரு நிறம் பொருந்தவில்லை என்றால், அதை நீக்குவது ஒன்றே வழியன்று. அதே நிறத்தை வேறோரிடத்திலும் சிறிது வைத்தால் போதும், உறுத்தல் நீங்கிவிடும்.

இப்பணியில் நாம் கற்றுக்கொண்ட நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அளக்கும் முன் துணியைத் தேய்த்து, தரையில் படிய விரித்துக்கொள்ள வேண்டும். ஓரத்தை மட்டும் அளக்கலாகாது, ஓரம் இழுபடும். மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில் அளந்து, மூன்றும் வேறுபட்டால் நடுவின் அளவையே நம்ப வேண்டும். கரைத்துணியைப் பாவு ஓடும் திசையில் நீளமாக வெட்ட வேண்டும். ஊடையின் திசை சற்று இழுபடும், குறுக்கே சாய்வாக வெட்டியது மிகவும் இழுபடும். இரு முனைகளிலும் முதலில் குண்டூசி குத்தி, பிறகு நடுவிலும், அதன்பின் கால் பாகங்களிலும் குத்த வேண்டும். சிறிதளவே மிகுதி இருந்தால், மிகுதியான துணியைக் கீழே வைத்துத் தைக்கலாம். இயந்திரத்தின் பல் அதை மெல்ல இழுத்து அடக்கிக்கொள்ளும். ஓர் அங்குலம் போன்ற பெரிய வேறுபாட்டை அவ்வாறு அடக்க முயலலாகாது. தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாக் குழுக்களும் ஒரே நாடாவைப் பயன்படுத்த வேண்டும். குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

அளவைப் பற்றி இவ்வளவு பேசினால், ஏழைப் பெண்கள் தம் விருப்பம்போல் தைக்கும் உரிமை என்னாவது என்று இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்கு நாம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் செய்தியைச் சொன்னோம். அங்கே அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. பருத்திப் பண்ணையில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த வேலையுடைகளையும் மாவுச் சாக்குகளையும் கொண்டு, எந்த வரைபடமும் இன்றித் தம் போக்கில் போர்வைகள் தைத்தார்கள். 1962-இல், வாக்காளராகப் பதிந்துகொள்ள அம்மக்கள் முயன்ற காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து அவர்களிடையே பேசினார். 1966-இல் அவ்வட்டாரப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் என்னும் பெரிய வணிக நிறுவனத்திற்குத் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அவற்றை அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்தார்கள். மீந்த துணியைக் கொண்டு தம் வீட்டில் தம் விருப்பம்போல் போர்வைகளும் தைத்தார்கள். 2002-இல் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களில் வைக்கப்பட்டன. 2006-இல் அவற்றின் படங்களோடு அமெரிக்க அரசு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. படகும் அதே 2006-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அளவு என்பது உரிமைக்குப் பகையன்று. பலர் கைகூடிச் செய்யும் வேலையில், ஒருவர் பிழை மற்றொருவர் தலையில் விழாமல் காப்பது அளவே.

அன்பர்களே, இப்போர்வையை விட்டு வகுப்பறைக்குச் சிறிது வருகிறோம். முப்பது ஆண்டுகளை நெருங்கும் ஆசிரியப் பணியில், ஒன்பதாம் வகுப்பில் ‘பொருந்தாத’ பிள்ளைகள் பலரை நாம் கண்டிருக்கிறோம். படிக்கத் தெரியாது, வாய்ப்பாடு தெரியாது, வகுப்பில் படியாமல் நெளிவார்கள். இவனை நீக்கிவிட்டால் வகுப்பு சரியாகிவிடும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழும். அப்பிள்ளையை அளந்து பார்த்தால், குறைவு இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இருக்கும். அதன்பின் வந்த ஒவ்வோர் ஆசிரியரும் சிறிது இழுத்து, சிறிது தேய்த்து, பேரேட்டில் இருக்க வேண்டிய மதிப்பெண்ணை எழுதி, மேல்வகுப்பிற்கு அனுப்பியிருப்பார். நாமும் அவ்வாறு அனுப்பியதுண்டு. அதை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

அதுபோலவே நம் சங்கத்தையும் நடுவில் நாடா வைத்து அளக்க வேண்டும். இம்மலருக்காகப் பழைய உதவித்தொகைப் பேரேடுகளைப் புரட்டினோம். முதல் சில ஆண்டுகளின் பக்கங்களில் தூய்மைப் பணியாளர் குடியிருப்பின் பெயரே இல்லை. அங்கிருந்து விண்ணப்பம் வரவில்லை என்று அப்போது காரணம் சொல்லியிருப்போம். விண்ணப்பத்தாளை அங்கே கொண்டுசென்று கொடுத்தவர் யார்? ஒருவரும் இல்லை. நம்மிடையே யார் முன்னே, யார் பின்னே என்று நாமே வைத்திருக்கும் வரிசை நம் பேரேட்டிலும் படிந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் நாம் எழுந்து, நாடா நம்முடையது என்பதைச் சொல்லி, அந்தக் குழுவினரிடம் வருத்தம் தெரிவித்தோம். வெட்டிவிடலாம் என்று சொன்ன பெரியவர் அதனினும் மேலானதைச் செய்தார். திருத்திய போர்வை அடுத்த குழுவுக்குச் செல்லும் முன், அதை மஞ்சள் பையில் இட்டுத் தாமே அந்தக் குடியிருப்புக்கு எடுத்துச் சென்று காட்டினார். அந்த அம்மையாரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டு வந்தார். எழுபது வயதைக் கடந்த அவர் அங்கே அமர்ந்து அருந்தியது அதுவே முதன்முறை. அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

முடிவாகச் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் மாலைநேர வகுப்பு ஒன்று வரும் கல்வியாண்டிலேயே அந்தக் குடியிருப்பில் தொடங்கப்பட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நாமே அங்கு வந்து கற்பிக்கிறோம். இரண்டாவது, நம் வகுப்புகளில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே வாசிப்பும் கணக்கும் எந்த அளவில் உள்ளன என்பதைச் சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதிவைக்க வேண்டும். குறைவு கண்ட இடத்தில் கீற்று வைத்து நிரப்புவோம். எந்தப் பிள்ளையையும் வெட்டி எறியோம்.

அந்தப் பழைய நாடாவை நாம் எறிந்துவிடவில்லை. இன்றும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அளப்பதற்காக அன்று, நினைவிற்காக. புதிய நாடா ஒன்றை வாங்கிப் பள்ளியின் தையல் வகுப்பிற்குக் கொடுத்திருக்கிறோம். கூட்டம் முடிந்தபின் அனைவரும் போர்வையின் அருகே வந்து, நடுவிலுள்ள அந்த அரை அங்குலப் பச்சைக் கீற்றைப் பார்த்துச் செல்லுமாறு வேண்டி விடைபெறுகிறோம்.